மாடிக்குப் போகவேண்டிய தபால்

அன்றும் அந்த வீட்டின் முன்னறையில் கூடியிருந்தவர்கள்: சன்னலோர நாற்காலியில் வீட்டுக்காரப் பெரியவர். எதிரே கட்டிலின் விளிம்பில், எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராகத் தரகர். பெஞ்சில் என் மனைவி, மடியில் கைப்பை. ஒரு கால் குட்டையான முக்காலியில் நான். மாடிப்படியின் உச்சியில், யார் கண்ணிலும் படாமல், பெரியவரின் தங்கை. அவர் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மரப்படி, ஆள் அசைந்தால் அதுவும் முனகும். ஆனாலும் அவர் அங்கே இல்லை என்பதுதான் அந்த வீட்டில் ஒப்புக்கொள்ளப்பட்ட நிலை.

வீடு இருவருக்கும் சமபங்கு. கீழே அண்ணன், மேலே தங்கை. ஏதோ ஒரு மழைக்காலத்தில் மொட்டைமாடிக் குழாய் அடைத்துக்கொண்டதாம். அடைப்பை யார் எடுப்பது என்று தொடங்கிய பேச்சு, பேச்சுவார்த்தையே இல்லாமல் போவதில் முடிந்தது. அதன் பிறகு எல்லாம் தபால்தான். தெருக்கதவுக்குப் பூட்டு மாற்றவேண்டும் என்றால்கூட, எழுதி, உறையிலிட்டு, தபால்தலை ஒட்டி, தெருமுனைப் பெட்டியில் போடவேண்டும். அது நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இதே வாசலுக்கு வந்துசேரும். படியில் நின்று சொன்னால் செல்லாது. காதில் விழுவது வேறு, கைக்கு வருவது வேறு என்பதில் மட்டும் அண்ணனும் தங்கையும் ஒரே கட்சி.

இதைப் புரிந்துகொள்ளாமல் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். குடிநீர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. அனுப்புநர் இடப்பக்கம், தேதி வலப்பக்கம், பொருள் ஒரே வரியில் என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த முறையை நான் இன்றுவரை விட்டதில்லை. அந்தக் கர்வத்தில், வீட்டை வாங்க நாங்கள் தரத் தயாராக இருந்த விலையை அழகாக எழுதி, இருவர் பெயரையும் போட்டு ஒரே உறையில் அனுப்பினேன். பெரியவர் பிரித்துப் படித்துவிட்டார். ஆகவே தங்கைக்குக் கடிதம் வரவே இல்லை என்று ஆகிவிட்டது. நான் தனி உறையில் மறுபடி எழுதி, அது போய்ச் சேர்வதற்குள் எதிர்ச்சாரியில் ஒரு காப்பிக் கடை திறந்தது, பக்கத்து வீட்டை யாரோ இளம் தம்பதி வாங்கிச் சாம்பல் நிறம் அடித்தார்கள், விலை ஏறியது. "இந்தத் தெரு இப்ப ஓடுற குதிரை சார்," என்று தரகர் ஒவ்வொரு முறையும் சொல்வார். நாங்கள் லாயத்தில் குந்தியிருந்தோம்.

எனக்கு வேறு வீடு பார்த்தாலும் சரிதான். என் மனைவிக்கு அப்படி இல்லை. அவள் பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவள். எங்கள் வாடகை வீட்டில் சமையல் மேடையின் பாதியில் பல் அச்செடுக்கிற காரைத் தூளும் மெழுகும், மீதிப் பாதியில் சோறும். அரைக்கிற இயந்திரத்தின் சத்தம் தாங்கவில்லை என்று அந்த வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். இந்த வீட்டின் மாடிப் பின்னறையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தவள், மேசையை எங்கே போடுவது, விளக்கை எங்கே மாட்டுவது என்றெல்லாம் முடிவு செய்துவிட்டாள். "போதும், விட்டுடலாம்" என்று அன்று வரும் வழியில் பேருந்தில் நான் சொன்னதிலிருந்து அவள் என் பக்கம் திரும்பவில்லை.

தங்கையின் கடைசிக் கடிதம் பெரியவரின் மடியில் கிடந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: அம்மாவும் அப்பாவும் இருந்த மாடியறைக்கு அண்ணன் வந்து நின்று, விற்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அன்றே கையெழுத்துப் போடுகிறேன்.

"ஒரு மாடிதானே அய்யா," என்று தரகர் கெஞ்சினார். "ஏறி, கேட்டு, இறங்கிடலாம். நான் வேணா பின்னாலயே வர்றேன்."

"நான் ஏறமாட்டேன்."

"ஏன் அய்யா?"

"ஏறமாட்டேன்னா ஏறமாட்டேன். அவ இறங்கி வரட்டும்."

மேலே படி முனகியது.

"அவங்க இறங்கமாட்டாங்க, நீங்க ஏறமாட்டீங்க. நடுப்படியில வச்சு முடிச்சிடலாமா? பேனா நான் கொண்டு வர்றேன்."

 என் மனைவி தரகரைப் பார்த்து, "இவர்கிட்ட சொல்லுங்க, எழுந்திரிக்கிற மாதிரி உக்கார வேணாம்னு," என்றாள்.

"மேடம், சார் உங்க பக்கத்துலதான் இருக்கார்."

"தெரியும்."

"அவங்ககிட்ட சொல்லுங்க, முக்காலி ஆடுதுன்னு," என்றேன் நான். தரகர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இந்த வீட்டுக் காத்துலயே ஏதோ இருக்கு," என்று முணுமுணுத்தார்.

மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் பார்வை பெரியவரின் செருப்பில் இருந்தது. இடது செருப்பு அடி தெரியத் தேய்ந்திருந்தது. வலது அப்படியே புதிது. எந்தப் பக்கம் மெல்லுகிறார்கள் என்பதைப் பல்லின் தேய்மானத்தில் பார்த்துப் பார்த்துப் பழகியவள். கட்டில் முன்னறைக்கு வந்திருப்பதையும், அடுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதையும் பார்த்தாள். நாற்காலிப் பக்கம் நகர்ந்து, தணிந்த குரலில் கேட்டாள்.

"வலது முட்டியா அய்யா?"

அவர் சட்டென்று படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். "மெதுவா பேசும்மா."

"ரொம்ப நாளாவா?"

"மடக்க முடியல. போன குளிருக்கு முன்னாலேர்ந்தே." குரல் இன்னும் இறங்கியது. "அவளுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா பாவம் பாத்து இறங்கி வருவா. அப்படி ஒண்ணும் வர வேணாம்."

எனக்கு வந்ததே எரிச்சல்! ஒரு முட்டிக்காக நாங்கள் நடையாய் நடந்திருக்கிறோம். பையிலிருந்து தாளை எடுத்து, முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து பெரியவர் தங்கைக்கு எழுதுவதுபோல் எழுதத் தொடங்கினேன். அனுப்புநர், பெறுநர்: இரண்டு இடத்திலும் ஒரே கதவு எண். "பிடிக்கலன்னா கிழிச்சிடுங்க சார். நாங்க வேற வீடு பாத்துக்கறோம்," என்று நீட்டினேன்.

"கண்ணாடி இல்ல. படிங்க."

தயங்கினேன். படித்தால் மேலே கேட்கும்.

"சத்தமாப் படிங்க," என்றாள் மனைவி. அன்று அவள் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல்.

படித்தேன். "பொருள்: மாடிக்கு வர இயலாமை குறித்து. எனக்கு வலது முட்டி மடங்குவதில்லை. படி ஏற முடியாது. நான் வீம்பு பிடிக்கிறேன் என்று நீ நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. அம்மா அப்பா அறையைப் பார்க்க எனக்கும் ஆசைதான். விற்கலாமா?"

பெரியவர் குனிந்து தாளின் விளிம்பைப் பிடித்தார். கிழிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அந்தப் 'பொருள்' வரிய அடிங்க," என்றார். "அவ என்ன முனிசிபாலிட்டியா?"

அடித்தேன். கையெழுத்துப் போட்டார். தரகர் எழுந்து படிக்கட்டைப் பார்த்து, "அம்மா, கேட்டுச்சுல்ல?" என்றார்.  மேலே படி முனகக்கூட இல்லை.

"தபால்தலை அந்த டப்பால இருக்கு," என்றார் பெரியவர்.

"அய்யா, அவங்க கேட்டுட்டாங்க!"

"கேட்டா கேட்டுட்டுப் போறா. தபால் வந்தாத்தான் பதில் வரும்."

உறையின் விளிம்பை அவரே நாக்கில் நனைத்து ஒட்டினார். ஒட்டியபிறகும் கட்டைவிரலால் மூன்று நான்கு முறை தேய்த்தார். நான் வாங்கிக்கொண்டு வெளியே போகையில் படிக்கட்டைக் கடக்கவேண்டியிருந்தது. உச்சியிலிருந்து சில படி கீழே, கம்பளிக் காலுறை போட்ட இரண்டு பாதங்கள் தெரிந்தன. கைப்பிடியில் ஒரு கை.

"பெட்டியில தபால் எடுக்கிற நேரம் ஆச்சு," என்றது குரல். "ஓடுங்க தம்பி. விட்டா நாளைக்குத்தான்."

ஓடினேன். தெருமுனையில் தபால்காரர் பெட்டியைக் காலி செய்து பூட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். முகவரியைப் படித்தார். திருப்பி, அனுப்புநரைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே வீடா? கைலயே குடுத்திரலாமே சார்?"

எனக்கு மூச்சு வாங்கியது. "போடுங்க," என்றேன்.

அவர் கடிதத்தைப் பைக்குள் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டினார்.