பாதி டிக்கெட் அண்ணன்

மதிவாணன் தன் அடையாள அட்டையான ஐசியை ரயில் டிக்கெட் முகப்பில் கண்ணாடிக்கு அடியிலிருந்த இடுக்கில் தள்ளினார். உள்ளே இருந்த மலாய்ப் பெண் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வார்கா எமாஸ், பாக்சிக்," என்று மாமா முறை வைத்துப் பாதி விலையைச் சொன்னாள். பொன் குடிமகன்! அறுபதைத் தாண்டிய கிழங்களுக்கு அரசாங்கம் சூட்டியிருக்கும் பட்டம் அது. பொன்னோ பித்தளையோ, ஜொகூர் பாருவிலிருந்து குளுவாங் வரைக்கும் பாதி விலை.

குளுவாங்கில் அவருடைய அண்ணன் செல்லப்பன் அன்று காலை காப்பியில் ரொட்டியை நனைத்தவர், அதை வாய்க்குக் கொண்டுபோகாமலே செத்துப்போயிருந்தார்.

அண்ணன் தம்பிக்கு இரண்டு வயது வித்தியாசம். ரப்பர் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் கேட்டபிறகுதான் அப்பாவுக்குப் பிறப்புப் பத்திரம் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது. தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியைப் பிடித்து, ஒரே நாளில் இரண்டையும் வாங்கிவந்தார். கிராணி எழுதியதில் பெரியவன் தேதி சின்னவனுக்கும் சின்னவன் தேதி பெரியவனுக்கும் போய்விட்டது. ஐசி எடுக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. அப்பா அசரவில்லை. "ரெண்டு பிள்ளைக்கு ரெண்டு காயிதம் இருக்குல்ல? அப்புறம் என்ன?" என்றார்.

அப்புறம் இதுதான்: அறுபத்தொரு வயது செல்லப்பனுக்கு ஐசியில் ஐம்பத்தொன்பது. ஐம்பத்தொன்பது வயது மதிவாணனுக்கு அறுபத்தொன்று. இருவரும் சேர்ந்து ரயிலேறும்போதெல்லாம் தம்பிக்குப் பாதி விலை, அண்ணனுக்கு முழு விலை.

"இந்தப் பயல இடுப்புல தூக்கிவெச்சு வளத்தவன் நான். இவன் பொன்னு, நான் தகரமா?" என்று செல்லப்பன் முகப்பிலேயே கத்துவார். தமிழ் தெரியாத பெண் சிரித்துக்கொண்டே, "ஐசி, பாக்சிக்," என்பாள். போன வாரம்கூடப் போனில், "அடுத்த மாசம் எனக்கும் அறுபதுடா. ஈப்போ வரைக்கும் போறோம், பாதி விலையில," என்று சொல்லியிருந்தார்.

அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி தம்பியுடையது. அண்ணனிடம் மதிவாணன் பங்கென்று எதையும் கேட்டதில்லை; இதை மட்டும் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். விட்டுக்கொடுக்கவேண்டி வரும் என்ற நினைப்பே ரயிலில் அவருக்கு வரவில்லை.

அண்ணன் வீட்டு வாசலில் கூடாரத்துக்கு அடியில் ராஜசேகரன் நின்றிருந்தார். நல்வாழ்வுச் சங்கத்தின் தலைவர். அந்தத் தாமான் குடியிருப்பில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் சவப்பெட்டி வருவதற்கு முன்னால் அவர் வந்துவிடுவார். மை பூசிய மீசை. தன் வயதை ஐம்பத்தைந்தில் நிறுத்தி, பல வருடங்களாக அங்கேயே காவல் வைத்திருந்தார்.

"வாங்க மதிவாணன். எதுல வந்தீங்க, பஸ்ஸா?"

"ரயிலுதாங்க. பாதி டிக்கெட்டு."

துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளும் பெருமையா அது என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

குளிப்பாட்டி, பெட்டியில் வைத்து, மாலை போட்டாயிற்று. சடங்கு செய்ய வந்த பண்டாரம் சவரக்கத்தியைத் துடைத்துக்கொண்டே, "கொள்ளி வெக்கிறவங்க வந்து உக்காருங்க," என்றார். மதிவாணன் சட்டையைக் கழற்றினார்.

"ஒரு நிமிஷம்." ராஜசேகரன், பிணத்தை எரிக்கப் போலீஸ் கொடுத்த பெர்மிட்டைத் தூக்கிப் பிடித்தார். "மூத்தவங்க இளையவங்களுக்குக் கொள்ளி வெக்கக் கூடாது. நமக்குன்னு ஒரு முறை இருக்கு."

"நான் தம்பிங்க."

"பெர்மிட்டுல செல்லப்பனுக்கு அம்பத்தொம்பது. உங்க ஐசியில எவ்வளவு?"

"அது கிராணி செஞ்ச கோளாறு தலைவரே. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"அப்ப பாதி டிக்கெட்டு எப்படி எடுத்தீங்க? ஸ்டேஷன்ல அண்ணன், சுடுகாட்டுல தம்பியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க லா!"

பின் வரிசையில் யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். கழற்றிய சட்டையை எங்கே வைப்பதென்று மதிவாணனுக்குத் தெரியவில்லை. நாலு பேருக்கு முன்னால் வெற்று மார்போடு நின்று, தான் தம்பிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி காட்டுவது? சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் மூக்கில் பஞ்சோடு பெட்டியில் கிடந்தார்.

"கவலப்படாதீங்க," என்றார் ராஜசேகரன். "சங்கம் எதுக்கு இருக்கு? நானே வெக்கிறேன். பண்டாரம், தலையெல்லாம் எடுக்க வேணாம். சாஸ்திரத்துக்கு ரெண்டு முடி போதும். மீசையத் தொடாதீங்க." சங்கத்துச் செயலாளர் படமெடுக்கக் கைப்பேசியோடு இரண்டடி பின்னால் போனார்.

பெட்டிக்குப் பக்கத்திலிருந்து ராஜம்மா எழுந்தார். செல்லப்பனின் மனைவி. காலையிலிருந்து அழுது தொண்டை கட்டியிருந்தது.

"தலைவரே, உங்களுக்கு என்ன வயசு?"

"அது எதுக்கும்மா இப்ப?"

"தீபாவளிக்கு முன்ன ஸ்டேஷன்ல நீங்க ஐசியக் குடுத்துப் பாதி டிக்கெட்டு எடுத்தீங்களாம். உங்களுக்குப் பின்னால முழு டிக்கெட்டுக்கு நின்னவரு இவருதான். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சிரிச்சாரு. 'அம்பத்தஞ்சு வயசுக்காரனுக்குப் பாதி விலையாம், எனக்கு முழு விலையாம்'னு." மூச்சு வாங்கினார். "மூத்தவங்க வெக்கக் கூடாதுன்னா நீங்களும் வெக்கக் கூடாதுதானே?"

செயலாளர் கைப்பேசியைப் பைக்குள் போட்டார். ராஜசேகரனின் கை தானாக மீசைக்குப் போய், அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லாமல் இறங்கியது.

"நான் முறையச் சொன்னேன், அவ்வளவுதான். வீட்டுக்காரங்க விருப்பம். வண்டி வந்திடும், சீக்கிரம் ஆவட்டும்," என்று பெர்மிட்டை நாலாக மடித்தார்.

"உக்காருங்க தம்பி," என்றார் ராஜம்மா.

மதிவாணன் பலகையில் உட்கார்ந்தார். தலையில் தண்ணீர் பட்டது. நரை கொத்துக்கொத்தாக மடியில் விழுந்தது. செத்த வீட்டில் இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று ஒருமுறை நினைத்தார். வந்ததைத் தள்ளவில்லை.

வண்டி வந்து நின்றது. "பெட்டிய மூடப் போறோம். கால்ல விழுறவங்க விழுந்துக்குங்க. இளையவங்க மட்டும்," என்றார் பண்டாரம்.

வயதானவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். விழுவதா ஒதுங்குவதா என்று தெரியாத ராஜசேகரன், அடிக்காத கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

மதிவாணன் அண்ணனின் கால்மாட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அண்ணனின் கால் கட்டை விரல்கள் இரண்டும் மேலே பெட்டியில் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

"போதுங்க, எந்திரிங்க," என்றார் பண்டாரம்.

அவர் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் தெளித்திருந்த சிமெண்டுத் தரை நெற்றிக்குக் குளிர்ச்சியாக இருந்தது.