தேன் பதம்

பிரவுனித் தட்டு ஆறியதும் பெரியவள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றி அதன்மேல் பிடித்துப் பார்த்தாள். நீளம் பதிமூன்று அங்குலம், அகலம் ஒன்பது. வீட்டிலிருந்தபடியே பள்ளிச் சீருடைகளுக்கு மடிப்புத் தைத்துக் கொடுக்கிறவள். எதைப் பார்த்தாலும் எங்கே வெட்டினால் துணி மிஞ்சும் என்றுதான் புத்தி போகும். நான்கு நாள் விடுமுறைக்குத் தங்கை வருகிறாள், கூடவே புருஷன், இரண்டு பெண்கள். இரண்டாவது தட்டு சுட நேரம் ஏது? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இருக்கிற இந்த ஒரு தட்டுதான் நான்கு நாளும் நான்கு வேஷம் கட்டியாக வேண்டும். நடுச் சதுரங்கள் முதல் நாள், சூடாக, ஐஸ்கிரீமோடு. ஓரங்களை மெல்லிசாகச் சீவி மறுபடி காயவைத்தால் கடைசி நாள் காப்பியோடு கடித்துக்கொள்ள. உதிர்ந்ததை எல்லாம் சுண்டிய பாலோடு பிசைந்து உருட்டினால் இரண்டாம் நாள் உருண்டை. மிச்சத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கஸ்டர்டும் வாழைப்பழமுமாக அடுக்கிவிட்டால் மூன்றாம் நாளும் ஒப்பேறிவிடும். ஒரு கல்லில் நாலு மாங்காய். ஐந்தாவதாக ஒரு சின்னத் துண்டைத் தனியே எடுத்து மூடி வைத்தாள். அது அப்பாவுக்கு.

அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். எட்டு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சையும் வாரிக்கொண்டு போனது. போகிற போக்கில் ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தது. ‘ரைட்.’ முப்பது வருஷம் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்டக்டர்கள் சொல்லக் கேட்டு வண்டியை எடுத்தவர், இப்போது தானே சொல்கிறார். சரி என்றாலும் ரைட், போதும் என்றாலும் ரைட், கோபம் வந்தாலும் ரைட். எந்த ரைட் எதற்கு என்று பெரியவளுக்குத்தான் தெரியும். தொண்டையும் தளர்ந்துவிட்டது. வெறும் தண்ணீர் கொடுத்தால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். மருந்துக்கடையில் ஒரு வெள்ளை மாவு கிடைக்கிறது. அதைக் கலக்கித் தண்ணீரைக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். விழுங்கும் பயிற்சி கொடுக்க வந்த பெண் இரண்டு பக்கம் அச்சடித்த தாளை நீட்டினாள். பெரியவளுக்குத் தாள் தேவைப்படவில்லை. கரண்டியைச் சாய்த்தால் சொட்டக் கூடாது, சோம்பேறித்தனமாக வழிய வேண்டும். தேன் பதம், அவ்வளவுதானே என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். தப்பான பதத்தில் உள்ளே போனால் இருமல் வரும் என்று நம்பியிருக்காதீர்கள், சில பேருக்குச் சத்தமே இல்லாமல் இறங்கிவிடும்.

முதல் நாள் எல்லாம் நன்றாகவே நடந்தது. எடுத்து வைத்த துண்டைப் பாலில் ஊறவைத்து, மசித்து, துணியில் மூன்று தரம் வடிகட்டி, மூன்று கரண்டி அப்பாவுக்குக் கொடுத்தாள். ரைட் என்றார். இது நன்றாயிருக்கிறது ரைட். தங்கையின் பெண்கள் ஐஸ்கிரீமை வழித்து நக்கினார்கள். இரண்டாம் நாள் உருண்டையைக் கடித்த மாப்பிள்ளை, இது எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். நேற்றுச் சாப்பிட்டதேதான் என்று பெரியவள் சொல்லவில்லை.

அவள் இத்தனை பாடுபட்டதற்கு ஒரு காரணம் உண்டு. சின்னவள் வருவதற்கு முன்பே போனில் ஒரு பேச்சை எடுத்திருந்தாள். இரண்டாம் நாள், பாத்திரம் துடைத்தபடி, அதை மறுபடி எடுத்தாள். அவர்கள் ஊரில் நல்ல காப்பகம் ஒன்று இருக்கிறதாம், நர்ஸ்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்களாம். “நீ பாதியாயிட்டேக்கா. உன்னால முடியலன்னு சொன்னா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் பெரியவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் காப்பகத்தில் அப்பா ரைட் என்றால் யாருக்கு என்ன புரியும்? ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்த மனிதர் யாரிடம் போய் என்ன கேட்பார்? இந்த வீட்டில் எதுவும் தப்பவில்லை, தட்டிலிருந்து படுக்கைவரை எல்லாம் பதமாக நடக்கிறது என்று நான்கு நாள் காட்டிவிட்டால் போதும். தங்கை அந்தப் பேச்சோடு திரும்பிப் போய்விடுவாள்.

மூன்றாம் நாள் காலை பெரியவள் பாலும் அப்பாவுக்கு டயப்பரும் வாங்கக் கடைக்குப் போய் வந்தபோது சமையலறை தலைகீழாகியிருந்தது. தலைகீழ் என்றால் நன்றாக. சின்னவள் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். சும்மா உட்காரச் சொன்னால் ஜுரம் வந்துவிடும். அலமாரி முழுவதையும் இறக்கித் துடைத்து, உயரவாரியாக அடுக்கி வைத்திருந்தாள். அந்த வீட்டில் எந்தப் பாட்டிலின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அது மட்டும் அதற்குள் இருக்காது என்பது எல்லோரும் அறிந்த கதை. ஊறுகாய் பாட்டிலில் சீரகம், ஜாம் பாட்டிலில் பொத்தான். “கெடங்குல ஒரே சரக்கு ரெண்டு பாதிப் பெட்டியா இருந்தா எனக்குச் சோறு எறங்காது. எல்லாத்தையும் ஒண்ணா சேத்துட்டேன், பாதி அலமாரி காலி பாரு” என்றாள் சின்னவள். பெரியவள் சிரித்தாள். கழுவிய பாட்டில்கள் ஏழெட்டு பாத்திரக் கூடையில் கவிழ்ந்து கிடந்தன. அடுக்குப் பலகாரத்தை முடிக்கிற அவசரம் அவளுக்கு. மேலே தூவச் சர்க்கரைப் பொடியைத் தேடினாள். அதைப் போட்டு வைக்கிற, சிவப்பு மூடி போட்ட காப்பித்தூள் பாட்டில் கைக்குக் கிடைத்தது. சல்லடையில் தட்டித் தூவி, கிண்ணத்தைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டாள்.

மத்தியானம் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கும் நேரம். மேல் தட்டில் இன்னொரு சிவப்பு மூடிப் பாட்டில் இருக்க வேண்டும், அதில்தான் அப்பாவின் மாவு. தேடுவதற்குள் உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. தாகத்து ரைட். சின்னவள் ஒரு சிவப்பு மூடிப் பாட்டிலை நீட்டி, வெள்ளை மாவு இதுதானே என்றாள். இதுதான். ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி. பெரியவள் போட்டுக் கலக்கினாள்.

“இன்னிக்கு நான் குடுக்கறேன்க்கா.”

படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி, கழுத்தில் துண்டைச் சுற்றி, சின்னவள் உட்கார்ந்தாள். முதல் கரண்டி உள்ளே போனதும் அப்பாவின் முகத்தில் என்னவோ நடந்தது. எட்டு மாதமாக அந்தக் கூழைக் கடனே என்று விழுங்கியவர், நாக்கால் உதட்டைத் துழாவினார். ரைட் என்றார். பிறகு வாயை அவரே திறந்தார். மாப்பிள்ளை வாசற்படியில் வந்து நின்றார், பெண்கள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தாத்தா தாத்தா என்றார்கள். இரண்டாவது கரண்டி போகும்போது பெரியவள் பார்த்தாள். கரண்டி நுனியிலிருந்து துண்டின்மேல் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், அவளுக்கு அந்த ஒரு சொட்டு போதும். இது தேன் பதம் இல்லை. நிறுத்து என்று சொல்ல வேண்டும். ஏன் என்று தங்கை கேட்பாள். கலக்கினது தப்பு என்று சொல்ல வேண்டும். கலக்கினது யார்? மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டு நிற்கிறார். மாவு பழசாகியிருக்கும், வாயில் போய்க் கெட்டியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். அப்பா இருமவில்லையே என்றும் நினைத்துக்கொண்டாள். டம்ளர் காலியானது. ரைட், ரைட் என்றார் அப்பா. சின்னவள் அழுதுவிட்டாள்.

சாயங்காலம் அப்பாவுக்கு உடம்பு கொதித்தது. விடிவதற்குள் மூச்சில் களகளவென்று சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், வலது நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, இந்த உடம்பு தாங்குமா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார்.

மாற்றுத் துணி எடுக்கப் பெரியவள் மட்டும் வீட்டுக்கு வந்தாள். குளிர்பெட்டியைத் திறந்தது பெண்களுக்குப் பால் எடுக்கத்தான். கண்ணாடிக் கிண்ணம் தொடாமல் இருந்தது. மேலே தூவிய வெள்ளையைக் காணோம். அந்த இடத்தில் கஸ்டர்டின்மேல் பசை மாதிரி ஒரு படலம் உறைந்திருந்தது. விரலால் தொட்டாள். விரலோடு நூலாக எழுந்து வந்தது. காய்ச்சாத சர்க்கரை நூல் விடாது. விரலை வாயில் வைத்தாள், இனித்தது. பாட்டிலைத் திறந்து ஒரு சிட்டிகை நாக்கில் போட்டாள். அதுவும் இனித்தது. அப்பாவின் மாவுக்கு ருசியே கிடையாது. பாத்திரக் கூடையில் கவிழ்ந்திருந்த பாட்டில்களில் இன்னொரு சிவப்பு மூடி பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது. ஒரே சரக்கு, இரண்டு பாதி என்று சின்னவள் சர்க்கரைப் பொடியையும் அப்பாவின் மாவையும் ஒன்றாகக் கொட்டியிருக்கிறாள்.

அடுப்பங்கரைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் தங்கைமேல்தான் ஆத்திரம் வந்தது. இப்போதே போய் அந்தப் பாட்டிலை அவள் முன்னால் டொக்கென்று வைக்க வேண்டும், காப்பகம் காப்பகம் என்றாயே, இதோ பார் என்று. பாட்டிலைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கண்டக்டர் பின்னாலிருந்து ரைட் என்றார். வண்டி நகர்ந்தது. அந்த ஒரு சொட்டு அப்போதுதான் அவள் கண்முன் மறுபடி விழுந்தது. தங்கை தெரியாமல் செய்தாள். தான் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தாள். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் துணி அங்கேதான் கிழிந்திருந்தது.

வார்டில் சின்னவள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலின் தலைமாட்டில், வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்று அட்டை மாட்டியிருந்தார்கள். பெரியவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டிலின் மூடி தொடையில் அழுத்தியது.

“ஒரு நெனப்புதான்க்கா இப்ப என்னைத் தாங்குது” என்றாள் சின்னவள், திரும்பாமலே. “எட்டு மாசத்துல நான் அவருக்கு ஒண்ணுமே பண்ணல. எல்லாம் நீதான். ஆனா என் கையால ஒரு டம்ளர் தண்ணி முழுசா குடிச்சாரில்ல?”

பெரியவளின் கை பைக்குள் போனது. மூடியைப் பிடித்தது.

“குடிச்சாரு” என்றாள்.

“அவ்வளவு ஆசையா குடிச்சாரே. நீ என்னக்கா போட்டே அதுல?”

அப்பா கண்ணைத் திறந்தார். பக்கத்துக் கட்டில்காரரின் மேசைமேல் ஒரு டம்ளர் இருந்தது. அதை வெகுநேரம் பார்த்தார். காய்ந்து வெடித்திருந்த உதட்டின்மேல் நாக்கு மெல்ல வெளியே வந்து, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை எதையோ தேடிப் போனது. பிறகு, ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து, சத்தமே இல்லாமல், வாய் அந்தச் சொல்லைச் சொன்னது. மகள்கள் இருவருக்கும் அது கேட்டது. அது எந்த ரைட் என்று சின்னவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.