எண்பத்தாறாயிரத்து நானூறாவது விநாடி

எங்கள் ஊர் தெஸ்ஸேயின் ஆஸ்பத்திரியில் இருக்கும் குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கு நான் ஒரு வலைப்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு குழந்தையும் பிறந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சுவரிலிருக்கும் திரையில் காட்டும். உள்ளே ஓடுவது வெறும் விநாடிக் கணக்கு. அதை மனிதர் படிக்கிற மாதிரி மாற்ற நாலைந்து வரி போதும். அறுபதுக்குக் கீழே விநாடி, அதைத் தாண்டினால் நிமிடம், அப்புறம் மணி, அப்புறம் நாள். எழுதும்போது அதில் எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

எழுத்து சிறிதாக இருக்கிறது என்று சொன்னார்கள். சரிசெய்யக் காலையில் போனேன். உள்ளே நுழையும்போதே குலவைச் சத்தம். திரையில் மூன்றாவது கட்டிலின் வரி அப்போதுதான் மாறியிருந்தது: "1 நாள்".

"மணி போயி நாள் வந்துடுச்சு தம்பி!" என்றார் நர்ஸ் யெஷிமெபெத். கண் கலங்கியிருந்தது. "இவளோட அம்மா ஸினாஷுக்கு இதுக்கு முன்னாடி ரெண்டு பொறந்துச்சு. ரெண்டுமே ஒரு நாள் தாண்டல. நேத்துலேருந்து அவ பால், மருந்து எதையும் கேக்கல. இந்தத் திரையத்தான் பாத்துக்கிட்டிருக்கா."

ஸினாஷ் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கிடந்தது என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய பெண் குழந்தை.

எழுத்தைப் பெரிதாக்க மடிக்கணினியைத் திறந்தேன். அந்த வரியின் பதிவைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. பிறந்த நேரம் காலை எட்டு. பதிந்ததாகக் கணினியே குறித்திருந்த நேரம் மதியம் இரண்டே கால்.

"சிஸ்டர், பொறந்து ஆறு மணி நேரம் கழிச்சா பதிஞ்சீங்க?"

"என்ன பேசுற? கைய கழுவின உடனே பதிஞ்சேன். எட்டு மணி, வாட்ச்சப் பாத்துத்தான் போட்டேன்."

"எந்த எட்டு?"

"எட்டுன்னா எட்டுதான். நம்ம எட்டு."

எங்கள் ஊரில் காலை ஆறுக்கு விடிந்த பிறகுதான் ஒன்று, இரண்டு என்று மணி எண்ணுவோம். அவர் கையிலிருந்த எட்டு, கணினிக்கு மதியம் இரண்டு. நான் எழுதிய பக்கம் அதைக் காலை எட்டாக எடுத்துக்கொண்டது.

"உன் மெஷினுக்குச் சூரியன் எப்ப வருதுன்னுகூடத் தெரியாதா?" என்றவர் சட்டென்று நிறுத்தினார். முகம் மாறிவிட்டது. "இரு. அப்ப இவளுக்கு இன்னும் ஒரு நாள் ஆகலையா?"

"பதினெட்டு மணி நேரம்தான்."

அவர் ஓடிப்போய்க் குழந்தையின் நெற்றியை விரலால் அழுத்திப் பார்த்தார். லேசான மஞ்சள். "ஒரு நாள் கழிச்சுன்னா பொறுக்கலாம்னு நெனச்சேன். பதினெட்டு மணிக்கே இந்த மஞ்சள்னா பொறுக்கக் கூடாது. டாக்டரக் கூப்பிடு!"

ரத்தம் எடுத்தார்கள். மஞ்சளைக் குறைக்கும் நீல விளக்கைப் பெட்டிக்கு மேலே வைத்தார்கள். குழந்தையின் கண்ணைத் துணியால் மூடினார்கள். அதற்குப் பிறகுதான் நான் நேரத்தைத் திருத்தினேன். ஸினாஷ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே "1 நாள்" அழிந்து "18 மணி நேரம்" வந்தது.

"தம்பி, ஆறு மணி நேரத்த எடுத்துட்டியா?" என்று கேட்டாள் ஸினாஷ்.

"எடுக்கலக்கா. அது அவளோடதே இல்ல. தப்பாச் சேந்துடுச்சு."

அவள் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் திரும்பினாள். பிறகு, "சரி. அப்ப அவளே சம்பாதிக்கட்டும்" என்றாள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. போக முடியவில்லை. பத்தொன்பது. இருபது. யாரோ இன்ஜெரா ரொட்டியும் ஷிரோக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்கள். ஆறிப்போனது. இருபத்திரண்டில் டாக்டர் மறுபடி ரத்தம் பார்த்து, "மஞ்சள் ஏறல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இருபத்து மூன்று மணி ஐம்பத்தொன்பது நிமிடம் ஆகியும் திரை "23 மணி நேரம்" என்றே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. மணி வந்துவிட்டால் அதற்குக் கீழே எதையும் அது காட்டாது, நான்தான் அப்படி எழுதியிருந்தேன். பொறுக்க மாட்டாமல் உள்ளே ஓடும் எண்ணைத் திறந்தேன். எண்பத்தாறாயிரத்து முந்நூற்று எழுபது. எழுபத்தொன்று. யெஷிமெபெத் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

ஒவ்வொரு எண்ணுக்கும் அந்த விரலளவு நெஞ்சு ஏறி இறங்கியது. நான் எழுதிய நாலு வரியை எண்பத்தாறாயிரம் தடவை ஒருத்தி மூச்சுவிட்டுக் கடந்து வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அது வகுத்தல் கணக்கு. அவளுக்கு ஒவ்வொன்றும் மலை.

தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது.

திரை மாறியது. இந்தத் தடவை யாரும் குலவையிடவில்லை. ஸினாஷ் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீல வெளிச்சத்தில் அவள் குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.