நாற்காலியில் உட்கார்ந்த ஜெனரல்

செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது குர்ஷித் பேகத்தின் வீடு. புருஷன் சாந்த் பாஷா போன பிறகு, தெருப்பக்கத்து அறையை வேரா என்ற வயதான வெள்ளைக்கார அம்மாளுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். பிரான்ஸிலிருந்து வந்ததால் ஊருக்கு அவள் 'பிரான்ஸ் அம்மா'. ஆனால் அவள் பிறந்தது ரஷ்யாவில், ஜார் மன்னரின் பட்டாளத்து ஜெனரல் ஒருவரின் ஒரே மகளாக. அது குர்ஷித்துக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும்.

வேராவின் அறைச் சுவரில் படமாகத் தொங்கிய அந்த ஜெனரலின் கதை அவளுக்குத் தன் மாமனார் கதையைவிட நன்றாகத் தெரியும். பத்து வயதிலேயே அவரைப் பட்டாளப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டார்களாம். மீசை அரும்பும் வயதில் மணல்காட்டுச் சண்டைக்குப் போனாராம். அங்கே இருந்தவர்கள் தொழுகிற ஜனங்கள் என்று வேரா சொன்னதும், "அவங்களோடயா சண்ட போட்டாரு?" என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட குர்ஷித், ரெண்டு நாள் பேசவே இல்லை. அப்புறம் தானாகவே மன்னித்துவிட்டாள். ஜப்பான்காரனோடு நடந்த சண்டையில், தோற்றுத் திரும்பும்போதும் பீரங்கிகளை விடாமல் பனியில் இழுத்து வந்தாராம். அதில் இடது கையில் ரெண்டு விரல் போயிற்று. மன்னரே பதக்கம் குத்திவிட்டார். ஜெர்மன் சண்டையில் ஜெனரல் ஆனார். பிறகு மன்னர் விழுந்தார். புதிதாக வந்தவர்கள் "எங்களோடு சேர்ந்துகொள்" என்றார்கள். "சத்தியம் செய்வது ஒருமுறைதான்" என்று சொன்னவரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிட்டார்கள்.

இது வேராவின் அம்மா, தப்பி வந்த கப்பலில் வைத்து மகளுக்குச் சொன்னது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வேரா இத்தனை காலம் வாழ்ந்தாள். ரஷ்யாவுக்கே திரும்பிவிடலாம் என்று சொன்ன ஒருவனை, ஆசை இருந்தும், கட்டிக்கொள்ள மறுத்தாள். அந்த நாட்டிலிருந்து வருகிற எவரோடும் தாய்மொழியில் ஒரு சொல் பேசியதில்லை.

சாந்த் பாஷாவும் ஜெனரலும் இறந்தது வேறு வேறு வருஷமானாலும் ஜனவரி மாதத்தில்தான் என்று தெரிந்ததும் குர்ஷித் ஒரு ஏற்பாடு செய்தாள். வருஷா வருஷம் புருஷனுக்குப் பாத்தியா ஓதும்போது ஜெனரலுக்கும் சேர்த்து ஓதச் சொன்னாள். பள்ளிவாசல் மஸ்தான் அஸ்ரத் தாடியைத் தடவினார்.

"நம்ம மார்க்கம் இல்லியேம்மா?"

"அநியாயமா செத்தவரு அஸ்ரத். ஒரு வார்த்த துவா கேட்டா அல்லா கோச்சுக்குவானா?"

"அது சரி. ஆனா அந்தப் படம்? உருவப்படம் இருக்கிற வீட்டுக்குள்ள மலக்குமாருங்க, அந்த வானவருங்க, வர மாட்டாங்க."

அதனால் அன்று மட்டும் சுவரிலிருந்து ஜெனரலை இறக்கி, வெளியே வராண்டாவில் ஒரு நாற்காலியில் உட்கார வைப்பாள் குர்ஷித். வெயில் படாமல் ஒரு துண்டையும் முதுகுப்பக்கம் போடுவாள். ஓதி முடித்து, சர்க்கரைச் சோறு பங்கு வைத்த பிறகு அவர் உள்ளே வரலாம்.

அது எழுபத்து நாலாம் வருஷம். உள்ளே அஸ்ரத் ஓதிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கீழ்பென்னாத்தூர் முருகையன் இறங்கினான். நெய்வேலியில் ரஷ்ய இன்ஜினியர்களுக்கு மொழிபெயர்ப்பாளன். கூடவே நரைத்த தலையோடு ஒரு பெரியவர்.

"குர்ஷித்தக்கா! இவரு எங்க இன்ஜினியர். கோயில் பாக்க வந்தாரு. ஒங்க வீட்டுல ஒரு பிரான்ஸ் அம்மா இருக்காங்கன்னேன், பாக்கணும்னாரு."

குர்ஷித் எழுந்து வராண்டாவுக்கு வந்தாள். வேரா கதவோரம் நின்றாள், முகத்தில் ஒன்றும் இல்லை. பெரியவர் வணக்கம் சொல்ல வந்தவர், நாற்காலியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். குனிந்து படத்தின் இடது கையைப் பார்த்தார். பிறகு படபடவென்று பேசினார்.

முருகையன் சிரித்தான். "என்ன ஆச்சரியம்க்கா! படத்துல இருக்கிறவரு தன்னோட வாத்தியாருன்றாரு. மாஸ்கோவுல, பட்டாளத்து இன்ஜினியர் காலேஜ்ல பாடம் எடுத்தாராம். ரெண்டு விரல் இல்லாத கையாலதான் போர்டுல கோடு போடுவாராம், ஸ்கேலே வேணாமாம்."

"எப்பப்பா? அவரத்தான் சுட்டுட்டாங்களே!"

"யாரு சுட்டது? புது சர்க்கார் வந்தப்ப மொத ஆளா போய்ச் சேர்ந்துட்டாராம். நல்ல பதவி, நல்ல வீடு. வயசாகி, படுக்கையிலதான் போனாராம்."

குர்ஷித் வேராவைப் பார்த்தாள். தமிழில் வருவதற்கு முன்பே அவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"பாவம்க்கா, மொத சம்சாரமும் பொண்ணும் தப்பி ஓடுறப்ப விஷக்காய்ச்சல்ல செத்துட்டாங்கன்னு சொல்லுவாராம். அப்புறம்தான் இன்னொரு கல்யாணம். ஒரு பையன் இருக்காராம். இவருக்கு சிநேகிதராம்."

உயிரோடு நின்றுகொண்டிருக்கிறவளைச் செத்தாள் என்று சொல்லிவிட்டு ஒரு மனிதன் மாப்பிள்ளையாகி இருக்கிறான். குர்ஷித்துக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, இதோ நிற்கிறாளே அந்தப் பொண்ணு என்று. வேரா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பெரியவருக்கு ஏதோ சந்தேகம். படத்தையும் வேராவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, மெல்ல ஒரு கேள்வி கேட்டார். முருகையன் வாய் திறப்பதற்குள் வேரா பதில் சொன்னாள், ரஷ்ய மொழியில். சின்ன வாக்கியம்தான். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு காருக்குப் போனார். முருகையன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்னடா சொன்னாங்க?" என்று குர்ஷித் அவன் பின்னாலேயே போய்க் கேட்டாள்.

"நீங்க அவரோட பொண்ணான்னு கேட்டாரு. 'அவ விஷக்காய்ச்சல்ல செத்துட்டா, ஒங்க வாத்தியார் சொன்னது சரிதான், அந்தத் தம்பிகிட்டயும் அப்படியே சொல்லுங்க'ன்றாங்க."

கார் போயிற்று. குர்ஷித் திரும்பி வந்து நாற்காலியைப் பார்த்தாள். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடப் பாவி மனுசா! ஒனக்கா நான் கண்ணுல தண்ணி விட்டேன்? எம் புருசன் பக்கத்துல ஒன் பேரையும் வெச்சேனே! நீ அங்க சொகமா இருந்திருக்கியே!"

உள்ளே மஸ்தான் அஸ்ரத் ஓதி முடித்து, சாந்த் பாஷா பேரைச் சொல்லிவிட்டு அடுத்த பேருக்குக் காத்திருந்தார். "என்னம்மா, ஜெனரல் பேரையும் சொல்லிடட்டுமா?"

குர்ஷித் வேராவைப் பார்த்தாள். வேரா சுவரில் கை ஊன்றி வராண்டாத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேணாம்," என்றாள். "எங்க அம்மா பேரு சொல்லச் சொல்லு, குர்ஷித்."

"அவங்களும் பொய்தானே வேராம்மா சொன்னாங்க? தெரிஞ்சே சொல்லியிருப்பாங்களே."

"தெரிஞ்சுதான் சொன்னாங்க. பெரிய பொய், ரொம்ப ஜாஸ்தி. என் வாழ்க்கையே அதுல போச்சு." வேரா கண்ணை மூடிக்கொண்டாள். "ஆனா கப்பல்ல எனக்கு ஜுரம் அடிச்சப்ப, அவங்கதான் பக்கத்துல இருந்தாங்க."

இத்தனை வருஷத்தில் ஜெனரலின் குதிரை பேர்கூடத் தெரிந்துவைத்திருந்த குர்ஷித்துக்கு, அந்த அம்மாள் பேரைக் கேட்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. வேராவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேரு என்னம்மா அவங்களுக்கு?"

"நதாலியா."

குர்ஷித் அதை வாய்க்குள் ரெண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அஸ்ரத்! நத்தாலி பீபின்னு சொல்லுங்க!"