பிள்ளைப்பட்டை

சக்களத்தி உயிரோடு இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே அவளைத் தேடிப் போனவள் இந்த உலகத்தில் தாக்குவா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

தேடல் என்னவோ அரசாங்கத்துத் தேடல். தப்பிரா ஆற்றுக்கு அந்தப் பக்கக் காட்டில் வெளியாட்கள் நுழையக் கூடாது என்று ஒரு தடை இருந்தது. தாக்குவாவின் சனத்தில் மிச்சமிருப்பவர்கள் யாரோடும் சேராமல் அங்கே ஒளிந்து திரிகிறார்கள் என்பதற்காகப் போட்ட தடை. இந்தக் கோடையோடு அது முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் உள்ளே ஆட்கள் இருப்பதற்குப் புது அடையாளம் வேண்டும். இடிந்த குடிசையும் ஆறிய சாம்பலும் செல்லாது. "ஆளே இல்லாத காட்டுக்கு எதற்குக் காவல்?" என்று பண்ணைக்காரர்களின் வக்கீல் தலைநகர் பிரசிலியாவில் கேட்டுக்கொண்டிருந்தார். மரம் அறுப்பவர்கள் காட்டோரத்தில் லாரிகளை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

குழுவுக்குத் தலைவர் அடெமார். பாதி ஆயுளைக் காட்டிலும் மீதியை மலேரியாவிலும் கழித்த மனிதர். வழி காட்டுபவன் தாக்குவாவின் கணவன் யவாரு. சமைக்க ஆள் வேண்டும் என்று சொல்லி தாக்குவாவும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் எதற்காகப் போகிறாள் என்பது ஊருக்கே தெரியும்.

பல வருஷம் முன்பு, காட்டைப் பறிக்கத் துப்பாக்கிக்காரர்கள் வந்த அன்று சனம் இரண்டாகச் சிதறி ஓடியது. யவாரு ஓடிய பக்கம் இளையவள் தாக்குவா ஓடினாள். மூத்தவள் இரபுயி மறுபக்கம் ஓடினாள். இவர்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் அரசாங்கக் காவல் சாவடியில் வந்து விழுந்து, சளிக்காய்ச்சலில் பாதிப் பேரைப் புதைத்து, மிச்சப் பேர் சட்டை போடப் பழகினார்கள். அந்தப் பக்கம் போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

யவாரு அன்றிலிருந்து இரபுயியின் பேரை எடுத்ததில்லை. தாக்குவாவுக்கு அதுதான் தீராத எரிச்சல். மறந்தவன் என்றால் பேச்சுவாக்கில் ஒரு தடவையாவது பேர் வாயில் வர வேண்டாமா? அவன் ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்தாலும் அவளுக்கு வயிறு எரியும். தேன் எடுத்து வந்து முதல் வாயை மெதுவாகச் சுவைத்தால் போதும், அன்றைக்கு அவனுக்குச் சோறு கிடையாது. "இல்லாதவளோட எப்படிடி சண்டை போடுறே?" என்று ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள். இருக்கிறவளாக இருந்தால் மயிரைப் பிடித்திருப்பாளே. இவளுக்கோ தகரக் கூரை, புழுத்த அரிசி, ஃபோன் வேண்டும் என்று நச்சரிக்கும் இரண்டு பெண்கள். அவளுக்கு மொத்தக் காடும், கிழவியாகாத முகமும்.

கொட்டை மரங்கள் நின்ற ஓடைப்பக்கம் தண்ணீர் எடுக்கப் போனபோதுதான் தாக்குவா அதைக் கண்டாள். வேரில் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு பிள்ளைப்பட்டை. குழந்தையை இடுப்போடு அணைத்துக் கட்டும் நார்ப்பட்டை. நார் இன்னும் பச்சை வாடை அடித்தது. நுனியில் மிச்ச நாரை அறுக்காமல் எலிவால் போல நீளமாகப் பின்னி விட்டிருந்தது. அவர்கள் சனத்தில் எல்லாரும் அறுத்து எறிவார்கள். இரபுயி ஒருத்திதான் வால் வைப்பாள். "அறுத்தா மொட்டையா இருக்குடி" என்பாள்.

எதைக் கண்டாலும் தொடாமல் அடெமாரைக் கூப்பிட வேண்டும் என்பது கட்டளை. தாக்குவா சுற்றிலும் பார்த்தாள். பட்டையை எடுத்துக் கூடையில் மரவள்ளி மாவுப் பைக்கு அடியில் திணித்தாள். குடத்தை மறந்துவிட்டுத் திரும்பி, பிறகு அதற்காக இன்னொரு தடவை நடந்தாள்.

அதன்பின் இரண்டு நாள் குழு நடந்ததெல்லாம் வெட்டி நடை. கடைசியில் அடெமார் ஓடையோரம் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். தூரத்தில் எங்கோ ரம்ப எந்திரம் உறுமுவது கேட்டது.

"தடை முடியறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சுட்டானுங்க" என்றார். "யவாரு, நீ என்னப்பா நினைக்கிறே? மறைக்காமச் சொல்லு."

யவாரு சுட்ட பன்றிக்கறியை மென்றுகொண்டே சொன்னான். "யாரும் இல்லண்ணே. எல்லாம் செத்துப் போயிருப்பாங்க."

"அப்ப நான் அப்படியே எழுதிட வேண்டியதுதான்."

கணவன் அதைச் சொன்ன விதத்தில் தாக்குவாவுக்கு மனசு குளிர்ந்தது. அடுத்த நொடியே சந்தேகம் வந்தது. இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல இவனுக்கு எப்படி முடிகிறது? நடிக்கிறானோ? ரம்பம் மறுபடி உறுமியது. பட்டையில் கிடந்த பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருத்தி ஓடுவது அவள் கண்ணில் வந்தது. ஓடுவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்போதுதான் இத்தனை நாளும் தோன்றாத ஒன்று தோன்றியது. பிள்ளை இருந்தால் அப்பனும் இருப்பானே. அந்த நினைப்பு அவளுக்குத் தேனாக இனித்தது.

காட்டைக் காப்பாற்றத்தான் அவள் அதை எடுத்துக் கொடுத்தாள் என்று பின்னால் ஊரில் பெருமையாகச் சொன்னார்கள். தாக்குவாவும் மறுக்கவில்லை. ஆனால் கூடையைக் கவிழ்த்து அந்தப் பட்டையை அவள் வீசியது அடெமாரிடம் இல்லை. யவாருவின் மடியில்.

"இந்தா பாரு, உன் செத்துப்போனவ. வாலைப் பாத்தா தெரியுதுல்ல? நல்லாத்தான் இருக்கா. புள்ளையும் பெத்திருக்கா."

அடெமார் எழுந்த வேகத்தில் பூட்ஸ் ஓடையில் விழுந்தது. "எங்க எடுத்தே? எடுக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன், தாக்குவா?"

"திட்டறதைப் பெறகு திட்டுங்கண்ணே. எடம் காட்டுறேன், வாங்க."

அந்த வேருக்கு அப்பால், அவள் அன்று போகாத புதருக்குள், எல்லாம் இருந்தது. அன்றாடம் புழங்கிய ஓலைக் கூரை. உடைத்துப் போட்ட கொட்டை ஓடுகள். ஈர மண்ணில் காலடிகள். அடெமார் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு படம் எடுத்தார். பிறகு எல்லாரையும் உடனே திருப்பினார். நெருங்கினால் பயந்து ஓடுவார்கள்; பேசினால் நம் சளி அவர்களைக் கொல்லும்.

"இது போதும். வக்கீல் வாயை மூடிடலாம்" என்றார். தாடிக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பட்டையை அங்கயே மாட்டிடவாண்ணே? தேடுவா" என்றாள் தாக்குவா.

"வேணாம். நம்ம மூச்சு பட்டுருச்சு. புதுசு பின்னிக்குவா."

திரும்பும் வழியில் தாக்குவா பாட்டுக்கூட முனகினாள். வயிற்றெரிச்சல் அடங்கி இப்படி நடப்பது அவளுக்கே புதிதாக இருந்தது. ஓடையைக் கடந்ததும் சமைத்தாள். நல்ல கறித்துண்டாகப் பார்த்து யவாருவுக்கு எடுத்து வைத்தாள். அவன் தொடவில்லை.

"யாரா இருக்கும்?" என்றான்.

"யாரு?"

"அந்தப் புள்ளைக்கு அப்பன்." அவன் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பக்கம் ஓடுன ஆம்பளைங்க எத்தனை பேரு? தாருவி கிழவன். பிரயாவோட தம்பி, அந்த நொண்டி. நொண்டிகிட்டயா போனா?"

"யாருகிட்டப் போனா உனக்கென்ன? செத்துட்டாங்கன்னு சொன்னியே."

"சும்மா கேட்டேன்."

அவள் பானையைக் கழுவி முடித்தாள். பிறகு அவனாகவே சொன்னான். "அந்த நொண்டிக்குத் தேன் எடுக்கக்கூடத் தெரியாது. கூட்டைக் கலைச்சு விட்டுட்டு ஓடிருவான். அவன்கிட்ட இவ என்னத்தைத் தின்னுருப்பா."

தாக்குவா அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்கு அடையாளம் சொல்லித் தர வேண்டியதில்லை. இத்தனை வருஷம் வயிற்றெரிச்சலோடு அவள் சுமந்து திரிந்த முகம் அது.

"யவாரு, ஒண்ணு கேக்கறேன். சாவடிக்கு எத்தனை பேர் வர்றாங்க, போறாங்க. படகுக்காரன் இருக்கான், ஊசி போடறவன் இருக்கான். எல்லாத்தோடயும் சிரிச்சுப் பேசறேன். என்னை நெனச்சு ஒரு நாளாச்சும் இப்படிச் சோறு தள்ளி வச்சிருக்கியா?"

அவன் நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தான்.

"உன்னையா? எதுக்கு?" என்றான். "நீ எங்கயும் போகலையே."