இல்லாத பதினாறு பக்கங்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் பள்ளியில் நடந்ததைக் கேட்டுவிட்டு, அது வேறு எங்கே இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் அங்கே நூலகர். பதினெட்டு வருடமாக மாடிப்படி முனையில் அதே அறை, ஒரு கால் ஆடும் அதே மேஜை. எங்கள் முதல்வர் போன வருட விடுமுறையில் மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது ஒரு பட்டியலோடு வந்தார். ‘பள்ளித் தலைவர்களும் ஆசிரியர்களும் அவசியம் படிக்க வேண்டிய பத்துப் புத்தகங்கள்.’ அதை லேமினேட் செய்து ஆசிரியர் அறையில் தண்ணீர் ஃபில்டருக்கு மேலே மாட்டினார். அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு எங்கள் எல்லோர் போனிலும் ஒரு பொன்மொழி வந்து விழும். அவருக்கு ‘மேற்கோள்’ என்று பெயர் வைத்தது நான் இல்லை, கணக்கு டீச்சர். ஊர் முழுக்கப் பரப்பியது மட்டும்தான் நான்.

புத்தகங்களைக் குறை சொல்லமாட்டேன். பத்துமே நல்ல புத்தகங்கள். முதல்வரையும் சேர்த்து நாங்கள் நாற்பத்திரண்டு பேர். ஒவ்வொரு புத்தகத்திலும் நாற்பத்திரண்டு பிரதி வாங்கினார்கள். மாதம் ஒன்று படிக்க வேண்டும். அதற்கு நேரம்? வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பிள்ளைகளுக்கு இருந்த நூலக வகுப்பை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளை மொத்தமாக விளையாட்டு சார் தலையில் கட்டிவிட்டு, என் அறையில் ஆசிரியர்கள் உட்கார்ந்து ‘வாசித்தார்கள்’. வாரம் முழுவதும் அந்த ஒரு பீரியடுக்காகக் காத்திருந்த வாண்டுகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படித்து முடித்ததும் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். அத்தியாயத்துக்கு ஒரு கட்டம். ‘நான் கற்றது என்ன, நான் மாற்றிக்கொள்ளப்போவது என்ன.’ புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அதன்மேல் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைத் திருத்துவார்கள். சிலர் போனில் செருப்பு பார்ப்பார்கள். அறிவியல் சாருக்கு ஒரு திறமை உண்டு. பொருளடக்கத்தை மட்டும் பார்த்தே பத்து நிமிடத்தில் படிவத்தை நிரப்பிவிடுவார். அதைப் படம் எடுத்துக் குழுவில் போடுவார். மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு வார்த்தையை மாற்றிப் போட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். மூன்று மாதத்தில் மூன்று புத்தகத்தை இப்படித்தான் படித்துக் கிழித்தோம். ‘தோம்’ என்றுதான் சொல்கிறேன். அதில் நானும் உண்டு.

மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒருத்திதான் விதிவிலக்கு. வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. இந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாக வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டும். கணவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள். இவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. கையில் பென்சில் வைத்துக்கொண்டு வரி வரியாகக் கோடு போட்டுப் படிப்பாள். அதனால் ஆசிரியர் அறையில் அவள் பெயர் ‘பென்சில்’. கேலியாக வைத்த பெயர்தான். அவள் அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

நான்காவது புத்தகம், பிள்ளைகளைக் கவனிப்பது எப்படி என்பதைப் பற்றியது. படிவம் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. பாதிப் பேர் செவ்வாய்க்கிழமையே படிவத்தைக் கொடுத்துவிட்டு, புத்தகத்தை என் மேஜையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அன்று மத்தியானம் பென்சில் வந்தாள்.

“அக்கா, இதுல தொண்ணூத்தாறாம் பக்கம் முடிஞ்சதும் மறுபடியும் எண்பத்தொண்ணு வருது. அப்புறம் நேரா நூத்துப் பதிமூணு. ஆறாவது அத்தியாயமே காணோம். வேற காப்பி இருந்தா குடுங்களேன்.”

ஒன்றை எடுத்தேன். அதிலும் அப்படியே. இன்னொன்று. அதுவும் அதே. அச்சகத்தில் பதினாறு பக்கக் கட்டு ஒன்றை இரண்டு முறை வைத்துத் தைத்துவிட்டு, அடுத்த கட்டை விட்டிருக்கிறார்கள். மேஜையில் இருந்த இருபதையும் பார்த்துவிட்டேன். எல்லாம் ஒரே லட்சணம்.

எனக்கு வியர்த்தது அதனால் இல்லை. எந்த நூலகத்திலும் ஒரு வழக்கம் உண்டு. புத்தகம் திருடுகிறவன் முதல் பக்கத்தைக் கிழித்துவிடுவான் என்பதால், உள்ளே ஒரு ரகசியப் பக்கத்திலும் முத்திரை குத்தி வைப்போம். எங்கள் நூலகத்தில் அது நூற்றொன்றாம் பக்கம். வருகிற ஒவ்வொரு புத்தகத்தையும் திறந்து நூற்றொன்றில் நான்தான் முத்திரை குத்துவேன். இந்தப் புத்தகத்தில் நூற்றொன்றே கிடையாது. ஆனாலும் முத்திரை இருந்தது. இரண்டாம் தடவை வருகிற எண்பத்தைந்தாம் பக்கத்தில், நட்டநடுவில், அழகாக. டீயை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, விரல் போன இடத்தில் நாற்பத்திரண்டு தடவை குத்தியிருக்கிறேன். ஒரு தடவை கூட எண்ணைப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு முந்தின நாள்தான் என் படிவத்தையும் கொடுத்திருந்தேன்.

பென்சில் அந்த முத்திரையைப் பார்த்தாள். புத்தகத்தை மூடினாள்.

“பரவால்லக்கா. அந்தக் கட்டத்துல பக்கம் இல்லன்னு எழுதிடறேன்.”

“எழுது. உண்மைதானே” என்றேன்.

அன்றே பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினேன். முதல்வரிடம் மட்டும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். சொன்னால் என் முத்திரையையும் சேர்த்துத்தானே காட்ட வேண்டும்?

திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டம். மேற்கோள் திரையில் ஸ்லைடு போட்டுப் பேசினார். எதைப் பற்றி? ஆறாவது அத்தியாயத்தைப் பற்றி! பொருளடக்கத்தில் அதன் தலைப்பு ‘பேசாத குழந்தை’ என்று இருந்தது. அது போதாதா அவருக்கு.

“இந்த ஆறாவது அத்தியாயம் இருக்கே, என்னை ரெண்டு நாள் தூங்கவிடல” என்றார் நெஞ்சில் கை வைத்து.

பதினைந்து நிமிடம் பேசினார். கை தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பென்சில் குனிந்து தன் நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதே நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். எழவில்லை. என் நாற்காலியில் பசை தடவியிருந்ததா என்ன?

வியாழக்கிழமை காலை அலுவலக கிளார்க் என் அறைக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “பென்சில் டீச்சருக்கு லெட்டர் டைப் அடிக்கச் சொல்லியிருக்காங்க. மாசக் கடைசியோட சரியாம். படிவத்துல என்னமோ ஏடாகூடமா எழுதிட்டாங்களாம்.”

அதற்குமேல் எனக்குக் கண் மண் தெரியவில்லை. மேஜையில் இருந்த புத்தகங்களில் கைக்கு அடங்கியதை அள்ளிக்கொண்டு கீழே இறங்கினேன்.

முதல்வர் அறையில் மேஜைக்குப் பின்னால் மேற்கோள். பக்கத்து நாற்காலியில் நிர்வாகி மேடம். பள்ளியைத் தொடங்கியவரின் மருமகள், மாதத்துக்கு ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர். எதிரே நாற்காலி நுனியில் பென்சில்.

“கதவத் தட்டிட்டு வரலாமே” என்றார் மேற்கோள்.

“தட்டிட்டிருக்க நேரமில்ல சார். இந்தப் பொண்ண எதுக்கு அனுப்பறீங்க?”

அவர் என்னை விட்டுவிட்டு மேடத்தைப் பார்த்துப் பேசினார். “பாருங்க மேடம். படிக்கச் சொன்னா, புத்தகத்துல பக்கமே இல்லன்னு எழுதியிருக்காங்க. நாப்பத்தோரு பேருக்கு இருக்கிற பக்கம் இவங்களுக்கு மட்டும் இல்லியாம். படிக்கலன்னா படிக்கலன்னு சொல்லிட்டுப் போகட்டும். இப்படிக் கூசாமப் பொய் சொல்ற ஆள பிள்ளைங்ககிட்ட எப்படி விடறது?”

பொய்! யார் யாரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை! கையிலிருந்த புத்தகங்களை மேஜையில் போட்டேன். போட்ட வேகத்தில் தண்ணீர் டம்ளர் உருண்டது.

“மேடம், இதுல எதையாவது எடுங்க. இதெல்லாம் வேணாம், சார் மேஜைல இருக்கே, அவரோட புத்தகம், அதையே எடுங்க. தொண்ணூத்தேழாம் பக்கத்தக் காட்டுங்க.”

முதல்வரின் பிரதியில் மஞ்சளும் பச்சையுமாகக் காகிதத் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. பார்ப்பதற்குக் கரைத்துக் குடித்த மாதிரிதான் இருந்தது. மேடம் புரட்டினார். பின்னால் போனார், முன்னால் வந்தார். நான் கொண்டுவந்ததில் ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். ஐந்தாவது புத்தகத்தில் நிறுத்திவிட்டார். மேற்கோள் முகத்தில் ஈயாடவில்லை.

“அப்ப அந்த அத்தியாயம்?” என்றார் மேடம்.

“எதுலயும் இல்ல மேடம். இல்லாத அத்தியாயத்தப் பத்தி சார் பதினஞ்சு நிமிஷம் பேசினாரு. ரெண்டு நாள் தூக்கம் வரலன்னாரு.”

“அது, பொதுவா அந்தத் தலைப்பப் பத்தி...” என்று மேற்கோள் இழுத்தார்.

மேடம் முன்னால் இருந்த படிவ ஃபைலைப் புரட்டினார். விரல் என் தாளில் நின்றது. “நீங்களும் எழுதிக் குடுத்திருக்கீங்களே. ‘ஆறாவது அத்தியாயம் என் மனதை மிகவும் தொட்டது.’ இது உங்க கையெழுத்துதானே?”

“என்னோடதுதான். வடிகட்டின பொய். அந்தப் பக்கம் இருக்க வேண்டிய எடத்துல முத்திரை குத்தினதும் நான்தான், கண்ணத் திறந்து பாக்காம. என்னை அனுப்புங்க மேடம். பொய் எழுதின நாப்பத்தோரு பேரையும் அனுப்புங்க. படிச்சது இவ ஒருத்திதான். இவளப் போயி அனுப்பறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இல்லியா?”

நான் கத்திய கத்தலில் வெளியே டைப் அடிக்கும் சத்தம் நின்றுபோனது. பதினெட்டு வருடத்தில் அந்த அறையில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

மேடம் கோபப்படவில்லை. புத்தகத்தை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“முடிஞ்சுதா? இப்ப நான் சொல்றதக் கேளுங்க. இந்த விஷயம் இந்த ரூம விட்டு வெளிய போகக்கூடாது. அடுத்த மாசம் ஆய்வுக் குழு வருது. இந்த ஃபைலத்தான் அவங்களுக்குக் காட்டப்போறோம். எல்லார் ஃபார்ம்லயும் இருக்கிற அத்தியாயம் ஒரு ஃபார்ம்ல மட்டும் இல்லன்னா, கேள்வி வரும்.” பென்சில் பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது. “உன்மேல தப்பு இல்லம்மா. நீ நல்ல டீச்சர்னு எல்லாரும் சொல்றாங்க. நிரந்தர லெட்டர்ல இப்பவே, உன் கண்ணு முன்னாடியே கையெழுத்துப் போடறேன். நீ அந்த ஆறாவது கட்டத்த மட்டும் சரிபண்ணி, புது ஃபார்ம் ஒண்ணு எழுதிக் குடுத்துடு. ரெண்டே வரி.”

புதுப் படிவம் ஒன்று அவள் முன்னால் நகர்ந்து வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் வழக்கம்போல அந்தப் பென்சில்.

“பென்சில்ல வேணாம்மா, பேனால எழுது” என்றார் மேற்கோள். அதற்குள் அவருக்கு உயிர் வந்துவிட்டது.

அவள் படிவத்திலிருந்து நிமிர்ந்தாள். எனக்கு அவள் வீட்டு உலை ஞாபகம் வந்தது. அந்த இரண்டு பிள்ளைகள் ஞாபகம் வந்தது. உங்களிடம் பொய் சொல்லப்போவதில்லை, என் முத்திரையும் அந்த ஃபைலோடு சேர்ந்து மூடிப்போகும் என்பதும் ஞாபகம் வந்தது. வருகைப் பதிவேட்டுக்காக என் அடையாள அட்டைக் கயிற்றில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். அதை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அவள் பேனாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாங்கி எழுதினாள். எதிரே நின்ற எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. ‘பேசாத குழந்தையின் மௌனத்துக்கும் செவிசாய்க்கக் கற்றுக்கொண்டேன்.’ அறிவியல் சார் எழுதிய அதே வரி. ஒரு வார்த்தையைக் கூட அவள் மாற்றிப் போடவில்லை. மேடம் லெட்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, வாழ்த்துகள் என்றார். மேற்கோளும் வாழ்த்துகள் என்றார்.

மாடிப்படியில் அவளை ஓடிப்போய்ப் பிடித்தேன். என் கோபம் முழுவதும் அப்போது அவள் மேல்தான் இருந்தது.

“ஏம்மா எழுதின? உனக்காகத் தொண்டத் தண்ணி வத்தக் கத்தினேனே. முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

அவள் லெட்டரை மடித்துப் பைக்குள் வைத்தாள். பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். குரலில் துளிக்கூடக் கோபம் இல்லை.

“முடியாதுன்னு சொல்லத்தான்க்கா வாயெடுத்தேன்” என்றாள். “அதுக்குள்ள நீங்க பேனாவ நீட்டிட்டீங்க.”