ராணிக்கு முளைத்த தாடி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஒரு தாடியின் கதை சொல்கிறேன்.

1926ஆம் வருஷம், தைப்பூசம் முடிந்த சனிக்கிழமை சாயங்காலம், செங்கல் சூளைகள் சூழ்ந்த பிரிக்பீல்ட்ஸ் நாடகக் கொட்டகையில் பாட்டின் நடுவிலேயே ராணிக்கு மார்பு வரை தாடி முளைத்தது. ராணி வேடம் கட்டியிருந்தவர் நாகையா. பெண்கள் மேடை ஏறாத காலம் அது. பதினோரு வருஷமாக அவர்தான் ராணி. ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணிமார் வீட்டுப் பெண்கள் அவரைப் பார்த்துத்தான் கொசுவம் வைக்கப் பழகினார்கள். தாடிக்குக் காரணம் பவுனம்மாள், செங்கல் சூளையில் கல் சுமப்பவள். சூளை லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த கூலி ஆட்கள் மூங்கில் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்பது கொட்டகைக் கட்டுப்பாடு. அங்கே நின்றபடி அவளும் ராணியின் பாட்டைக் கூடவே பாடினாள். முன்வரிசை நாற்காலிகள் வேலிப் பக்கம் திரும்பின. நாகையாவுக்கு வயிறு எரிந்தது. எரிந்ததெல்லாம் தாடையில் மயிராக வந்தது. நாவிதர் ஓடிவந்து சிரைத்தார். அவள் பாட்டின் அடுத்த அடியை எடுத்ததும் மறுபடி வளர்ந்தது.

மறுவாரம் வேலியை இருபது முழம் தள்ளிப் போடச் சொன்னார் நாகையா. தாடி இடுப்புக்கு வந்ததுதான் மிச்சம். விடிந்ததும் சூளைக்கே போய், "இந்தாம்மா, இனிமே பாடாதே," என்றார்.

"வெளிய நில்லுன்னீங்க, நின்னேன். வாயை வீட்டுல வச்சிட்டு வரணுமாண்ணே?" என்றாள் பவுனம்மாள், தலையில் கல்லோடு.

"மொகத்துல தேய்க்க ரெண்டு செங்கல் எடுத்துட்டுப் போங்கண்ணே," என்றாள் கூட நின்ற வள்ளியம்மா.

மூன்றாவது சனிக்கிழமை அவள் பாடப் பாடத் தாடி வளர்ந்து மேடையை விட்டு இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே ஓடி, வேலியைத் தாண்டிப் பவுனம்மாளின் காலடியில் நின்றது. மழை பெய்து ஒரே சேறு. கீழே கிடப்பதைச் சுருட்டிச் சும்மாடு கட்டுவது சுமை தூக்குகிறவர்களின் கைப்பழக்கம். அவளும் தாடியைச் சுருட்டிச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டே உள்ளே நடந்தாள். தடுத்தால் ராணியின் தாடை இழுபடும் என்று யாரும் தடுக்கவில்லை. மேடை ஏறி, விட்ட அடியிலிருந்து பாடி முடித்தாள். பெரிய மனுஷர்கள் நாலு பேர் எழுந்து போனார்கள். அந்த நாற்காலிகளில் சூளைக்காரர்கள் உட்கார்ந்தார்கள். நாகையா அவள் பக்கத்தில் வந்தார். பிறகு நாவிதரைக் கூப்பிட்டுத் தாடியை அறுக்கச் சொல்லி, தன் மகுடத்தைக் கழற்றி அந்தச் சும்மாட்டின் மேல் வைத்தார். வேண்டியதைவிடக் கொஞ்சம் அழுத்தித்தான் வைத்தார்.

வேலி மூங்கில் கொட்டகை அடுப்புக்குப் போயிற்று. அதன்பின் ஒன்பது வருஷம் பவுனம்மாள் ராணி, நாகையா முனிவர். அவள் பாடும்போதெல்லாம் அவருக்குத் தாடி வளர்ந்தது. அந்த நாடகக் கம்பெனி பொய்த்தாடி வாங்கியதே இல்லை. ஒருநாள் அவளுக்குத் தொண்டை கட்டித் தாடி முளைக்கவில்லை. நாகையாவே மிளகுக் கஷாயம் வைத்துக்கொண்டு வந்தார்.

"குடி தாயி. நீ நல்லா பாடினாத்தானே எனக்கு எரியும்?"

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த வேலிக்கும் வெளியே நிற்காமல் இருக்கட்டும். அவர்கள் பாட்டைக் கேட்டு நாலு பேர் வயிறு எரியட்டும், எரிந்தவர்களே கஷாயமும் கொண்டு வரட்டும். நல்லா இருங்கள்.